கண்ணாத்தாளின் மருதாணி வேலி

குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சட்டம் வந்து, பட்டா கைக்குக் கிடைத்த வருஷம் அது. நன்னிலத்துக்குப் பக்கத்தில், வாய்க்காலுக்கு அக்கரையில் இருந்த கூலிக்காரர் தெருவே மண்வெட்டியும் கையுமாக அலைந்தது. ஒரு வீட்டில் முருங்கை, ஒரு வீட்டில் தென்னை. கண்ணாத்தாள் மட்டும் வேலிக்குச் செடி தேடிக்கொண்டிருந்தாள்.

அதுவரை அந்தத் தெருவில் யாரும் ஒரு போகத்துக்கு மேல் நிற்கிற எதையும் நட்டதில்லை. மனையெல்லாம் மிராசுதார் ரெங்கசாமியுடையது. கூரையில் பூசணி ஏற்றலாம், அவரை ஏற்றலாம். மரக்கன்று வைத்தால், "இங்கேயே இருந்துடலாம்னு முடிவு பண்ணிட்டியா?" என்று கேள்வி வரும். கூலியைக் கூட்டிக் கேட்டவர்கள் விரட்டப்பட்டு, குடிசை மூங்கிலைப் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டு போனதைத் தெரு பார்த்திருக்கிறது. மரத்தை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாதே.

கண்ணாத்தாள் நடவு ஆட்களைத் திரட்டி வயலில் இறக்குகிறவள். அவள் குரல் கொடுத்தால் ஒரு வரிசைப் பெண்கள் ஒன்றாக நகர்வார்கள். வாய்த்துடுக்கு அதிகம் என்று ஊரில் பெயர். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வேலிக்கு என்ன செடி என்பதில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கள்ளி வேண்டாம், பால் பட்டால் பிள்ளைகள் கண் போய்விடும். கிளுவை முள் சேலையைக் கிழிக்கும். கோடையில் இலை உதிர்ந்து எலும்பாக நிற்கும். பூவரசு வைத்தால் வயலில் நிழல் விழுந்து தினம் ஒரு சண்டை. அவள் மனதில் இருந்தது வேறு. நன்னிலம் ஆஸ்பத்திரி வாசலில் மருதாணியை இடுப்பளவுக்குக் கத்தரித்து, சுவர் எழுப்பியதுபோல் நிறுத்தியிருந்தார்கள். பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. நம் மனைக்கும் அப்படி ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

"வேலியில காய் காய்க்குமா, கனி பழுக்குமா? இதுக்கு இத்தனை ஆராய்ச்சியா?" என்றான் புருஷன் சாமிதுரை.

"காய்க்க வேணாம். இது நம்ம எடம்னு சொல்லிக்கிட்டு நின்னாப் போதும்."

ஆஸ்பத்திரித் தோட்டக்காரர் ஜெய்னுலாபுதீன் கத்தரித்துப் போட்ட குச்சிகளில் முற்றியதாகப் பார்த்து ஒரு கட்டுக் கொடுத்தார். "தண்ணி நிக்காம மேடாப் பாத்து வைங்கம்மா. இந்தக் குச்சியப் போத்தா ஊனி வச்சாலே புடிச்சுக்கும்," என்றார்.

ஐப்பசி மழையில் நட்டாள். வயல் பக்கம்தான் முக்கியம்; அங்கே ரெங்கசாமியின் வரப்பு. அளவுகாரர்கள் ஊன்றிய கல்லுக்குக் கல் கயிறு பிடித்தாள். பிறகு அந்தக் கயிற்றை ஒரு முழம் உள்ளே தள்ளிக் கட்டினாள். யாரும் சொல்லவில்லை. பெரியவர்கள் வரப்பை இடித்துக்கொண்டு நிற்கிறோம் என்று பேச்சு வரக் கூடாதே என்று கை தானாகவே செய்தது. பட்டா வாங்கிய கைதான், ஆனால் பழக்கம் பட்டாவுக்கு முந்தியது.

மருதாணி தழைத்தது. இரண்டாம் ஆண்டு ஆவணியில் இடுப்பளவு வந்துவிட்டது. கத்தரித்துவிட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தவள், வயலில் வரப்பு வெட்டும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். மிராசுதாரின் காரியக்காரன் துரைராசு பழைய வரப்பைக் கரைத்து, புது வரப்பை அவள் வேலியோடு ஒட்டி அணைத்துக்கொண்டிருந்தான். அளவுக்கல் சேற்றுக்குள் கிடந்தது.

"கல்லைத் தாண்டி வர்றியே, கண்ணு தெரியலையா?"

"என்னை ஏன் கோவிக்கிற? வேலி போட்டு எல்லையைக் காட்டினது நீதானே," என்றான் துரைராசு.

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. அவன்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. இப்போது விட்டால் அந்த ஒரு முழம் போனதுதான். அடுத்த வருஷம் இன்னொரு முழம் கேட்பார்கள்.

"விவசாயக் கூலிக்காரங்க சங்கத்துல சொல்லுவோம். அவங்க வந்து பேசட்டும்," என்றான் சாமிதுரை.

"சொல்லுங்க. அதுக்குள்ள நான் வேலையை முடிச்சுடுறேன்," என்றாள் கண்ணாத்தாள்.

மறுநாள் காலை நடவுக்குப் போகுமுன் அவளுடைய நடவு வரிசைப் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். "கல்யாணம் யாருக்குடி, இத்தனை மருதாணியை வெட்டுறே?" என்று ராமாயி கேலி பேசிக்கொண்டே அரிவாளை எடுத்தாள். வளர்ந்த வேலியை அடியோடு வெட்டி, முற்றிய கிளைகளைப் போத்தாக நறுக்கினார்கள். சேற்றில் கிடந்த கல்லைக் கழுவிப் பழைய குழியிலேயே ஊன்றினார்கள். வரப்பைப் பழைய இடத்துக்கே தள்ளி, கல்லுக்குக் கல் கயிறு கட்டினார்கள். இந்தத் தடவை கயிறு நகரவில்லை.

பாதி நட்டபோது ரெங்கசாமியே குடையோடு வந்தார். பெண்களின் பேச்சு அடங்கிவிட்டது. அவர் வரப்பைத் தாண்டி வந்து நின்று, வெட்டிய கட்டைகளைப் பார்த்தார்.

"என்ன கண்ணாத்தா, நல்லா வளந்த வேலியை மொட்டை அடிச்சிட்டே? செடி சரியில்லையா?"

முன்பென்றால் தூக்கிச் செருகிய சேலையை இறக்கிக்கொண்டு, "ஆண்டே" என்று குனிந்திருப்பாள். இப்போது நிமிர்ந்தாள்.

"செடி நல்ல செடிதாங்க ஐயா. வச்சதுதான் பயந்துகிட்டு வச்சது."

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். கண்ணாத்தாள் கையில் ஒரு போத்துடன் கயிற்றைப் பார்த்தாள், அவர் காலைப் பார்த்தாள்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்க. உங்க காலு என் எடத்துல இருக்கு."

ரெங்கசாமி குடையை மடக்கிக்கொண்டு வரப்புக்கு அப்பால் இறங்கினார். அவர் நின்ற ஈரத்தில் கண்ணாத்தாள் போத்தை ஊன்றி, மண்ணைக் காலால் நன்றாக மிதித்தாள்.