அம்மாவின் கடிதத்தில் ஒரு சமன்பாடு

போன வாரம் புனே பக்கம் சாகணில் வேலை முடிந்து வரும் வழியில் ஆகுர்டியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றேன். சூடான காகித வாசனை. எனக்கு முன்னால் ஒரு மாணவன் பாடப் புத்தகத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தான். பரீட்சை வந்துவிட்டது போல. உங்களிடம் சொல்வதற்கென்ன, அவனை முறைக்க எனக்கு யோக்கியதை கிடையாது.

நான் இன்ஜினியரிங் படித்த கல்லூரியில் வகுப்புக்கு நூற்று அறுபது பேர். சார் மைக்கில் பேசுவார். கடைசி பெஞ்சிலிருந்து அவருக்கு மீசை உண்டா என்பதுகூடத் தெரியாது. வருகைப் பதிவு நம்பரை வைத்துத்தான். நான் 117. நான் வராத நாளில் யார் 'யெஸ் சார்' சொன்னாலும் செல்லும். என்னைத் தெரிந்தவரே இல்லாத இடத்தில் யாரை ஏமாற்றப் போகிறேன் என்று அப்போது நியாயமாகவே தோன்றியது.

மற்றவர்கள் ஜெராக்ஸை நம்பினார்கள். நான் ஒரு படி மேலே போனேன். "ஏல, நம்ம எழுத்த மறந்துராதல, என்னைக்காது கைகுடுக்கும்" என்று சின்ன வயதில் நிக்டியில் எங்கள் வீட்டில் அம்மா உட்கார வைத்துத் தமிழ் எழுதக் கற்றுக்கொடுத்திருந்தாள். கொடுக்கட்டும் என்று பிட்டைத் தமிழில் எழுதினேன். புனேயில் யாருக்குப் புரியும்?

கால்குலேட்டர் உறையிலிருந்து அதை உருவும்போது பக்கத்தில் ஒரு மேடம் நின்றிருந்தார். வேறு துறைக்காரர், அன்றைக்கு மட்டும் பரீட்சை ஹாலைக் கண்காணிக்க வந்தவர். மாட்டினால் செமஸ்டரே ரத்து. ஃபேக்டரியில் ஓவர்டைம் பார்த்து என்னைப் படிக்கவைத்த அப்பாவின் முகம் வந்து நின்றது. "மம்மி கா லெட்டர் ஹை, மேடம்" என்றேன்.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உன் அம்மா கடிதத்தில் சமன்பாடெல்லாம் எழுதுவாரா என்று இந்தியில் கேட்டார். சிரிக்கவில்லை. பிறகு பெயரைக் கேட்டார்: "நாம் க்யா ஹை?"

"ஏக் ஸௌ ஸத்ரா," என்றேன், 117.

"நம்பர் நஹீ. நாம்."

இரண்டு வருடத்தில் அந்தக் கல்லூரியில் என் பெயரைக் கேட்ட முதல் ஆள். சொன்னேன். பிட்டைத் தன் பையில் போட்டுக்கொண்டு, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தெரிந்ததை மட்டும் எழுது என்றார். புகார் எதுவும் எழுதவில்லை. தெரிந்ததை எழுதினேன்; ஃபெயிலானேன். அடுத்த தடவை படித்து எழுதிப் பாஸானேன். அதற்குப் பிறகு பிட்டைத் தொட்டதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, நன்றியோடு சொல்கிறேன்.

வேலை கிடைத்ததும் ஸ்வீட் பாக்ஸோடு அவரைப் பார்க்கப் போனேன். அவர் அங்கே இல்லை; ஒப்பந்தத்தில் இருந்த லெக்சரர்கள் பலர் அந்த வருடம் போய்விட்டிருந்தார்கள். கிளார்க் நல்ல மனிதர், பழைய ரிஜிஸ்டரை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த மேடம், பெயரைச் சொல் என்றார். ஸ்வீட் பாக்ஸை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது அந்த ஹாலைக் கேமரா பார்த்துக்கொள்கிறது. ரிஜிஸ்டர்களை எடைக்குப் போட்டுவிட்டார்களாம். அந்த மேடத்தின் பெயரை நான் கேட்கவே இல்லை.