சந்தை சாப்பிடப் போகும் நேரம்

சிங்கப்பூரில் ஒரு பங்குத் தரகு அலுவலகத்தில் என்னைப் போல் தொலைபேசி மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குப் பங்குகளைப் பற்றி அதிகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சந்தை ஏன் மூடியிருக்கிறது என்று கோபப்படாமல் சொல்லத் தெரிந்தால் போதும். காலை ஒன்பதுக்குத் திறக்கும், பன்னிரண்டுக்குச் சாப்பாட்டுக்கு மூடும், ஒன்றுக்குத் திறந்து ஐந்துக்கு மூடும். இதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லிச் சொல்லி, வீட்டில் பிள்ளைகள் பசிக்கிறது என்றாலும் அதே குரல்தான் வருகிறது. ஊருக்கு லீவு என்றால் தனக்கு வேலை என்றிருக்கும் நர்ஸ், பஸ் டிரைவர், பரோட்டாக் கடைக்காரர் எல்லாருக்கும் நான் சொல்ல வருவது புரியும்.

ஒரே கான்டீன்

எங்கள் வாடிக்கையாளர் முருகையன் அண்ணன் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டிங் மேற்பார்வையாளர். வேலை நேரத்தில் கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட வேண்டும், அது பாதுகாப்பு விதி. பன்னிரண்டு மணிக்குத்தான் லாக்கரைத் திறப்பார், திறந்ததும் என்னைக் கூப்பிடுவார். சந்தை அப்போதுதான் மூடியிருக்கும், அது ஒன்றுக்குத் திறக்குமுன் கைப்பேசி மறுபடி லாக்கருக்குள் போய்விடும். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறிக் கூப்பிடுவார். அப்போதும் மூடியிருக்கும்.

அவர் மகள் பிசியோதெரபி படிக்க ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பித்திருந்தாள். இடம் கிடைத்தால் முன்பணம் கட்ட வேண்டும், அதற்காக வாங்கி வைத்திருந்த பங்குகளை விற்க வேண்டும். விலையை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள், அந்த விலை வந்ததும் விற்றுவிடுகிறோம் என்றேன். மாட்டேன் என்றார். முன்பு ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டுப் போய், விற்ற அன்றைக்கே விலை ஏறிவிட்டதாம். அன்றிலிருந்து விலையைக் காதால் கேட்டுவிட்டுத்தான் விற்பது என்று வைத்திருக்கிறார். தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்குகிறவர் அப்படித்தான் இருப்பார் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் நான் வழக்கமான பாட்டைப் பாடியதும் கேட்டார்:

"நான் சாப்பிடுற நேரத்துலதான் அதுவும் சாப்பிடுது. அதுக்கும் எங்க கம்பெனி கான்டீன்தானா, தங்கச்சி?"

மரியாதை

தீபாவளியன்று எங்கள் சந்தைக்கு விடுமுறை, ஹாங்காங்குக்கு இல்லை. அதனால் மேசையில் ஒருவர் இருக்க வேண்டும். நான் கத்தோலிக்கப் பெண், கிறிஸ்துமஸுக்கு லீவு வேண்டுமே என்று தீபாவளியை நானே கேட்டு வாங்கிக்கொள்வேன்.

லிட்டில் இந்தியாவில் புடவைக் கடை வைத்திருக்கும் ஒருவர் அன்று காலையில் கூப்பிட்டார். நல்ல நாளில் கொஞ்சம் வாங்கிப் போட வேண்டும் என்றார். சிங்கப்பூர்ச் சந்தை மூடல் என்றேன். பம்பாயில் இதே தீபாவளிக்காகத் தனியாக ஒரு மணி நேரம் திறக்கிறார்களே என்றார். ஆமாம், ஆனால் இங்கே பண்டிகைக்கு மரியாதையாக விடுமுறை விடுகிறார்கள் என்று விளக்கினேன்.

"எனக்கு மரியாதையெல்லாம் வேணாம்மா. ஒரு மணி நேரம் கடையைத் திறக்கச் சொல்லுங்க."

எந்த அரை?

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சந்தைக்கு அரை நாள். முருகையன் அண்ணனின் பட்டறைக்கும் அரை நாள். இந்த நாளுக்காக அவர் வாரக்கணக்கில் காத்திருந்தார் போலிருக்கிறது. மதியம் வேலை விட்டதும் உடுப்பைக்கூட மாற்றாமல் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

நானோ பையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தேன். தேவாலயத்தில் குழந்தைகளுக்குத் தேவதை வேடம் கட்ட ஆள் இல்லை என்று அக்கா நாலு முறை செய்தி அனுப்பிவிட்டாள். இருந்தாலும் எடுத்தேன். சந்தை காலையில்தான் நடந்தது, இனி பண்டிகை முடிந்துதான் என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது. அவர் திட்டவில்லை. யோசித்துவிட்டுக் கேட்டார்:

"ஒரு நாள்ல ரெண்டு அரை இருக்குல்ல. அவங்களுக்கு ஏன் முதல் அரைதான் வேணும்?"

இரண்டு காலண்டர்

காத்தோங்கில் ஒரு தம்பதி, கூட்டுக் கணக்கு. எது வாங்கினாலும் ஸ்பீக்கரில் இரண்டு பேரும் பேசுவார்கள். ராகு காலத்தில் வாங்க மாட்டார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கணவர் பார்ப்பது சென்னையில் அச்சடித்த காலண்டர், அந்த அம்மா பார்ப்பது இங்கே கோயிலில் கொடுத்த காலண்டர். இங்கே சூரியன் தாமதமாக உதிக்கிறது, அதனால் ராகு காலமும் தள்ளிப் போகும் என்பது அம்மாவின் கட்சி. ராகுவுக்குக் கைக்கடிகாரமா இருக்கிறது என்பது கணவர் கட்சி.

ஒரு வெள்ளிக்கிழமை கணவருடைய ராகு காலம் முடிகிற சமயம் அம்மாவுடையது நடந்துகொண்டிருந்தது. அம்மாவுடையது முடிவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. நான் நடுவில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றுக்குத் திறந்ததும் விலை ஏறியிருந்தது. அந்த அம்மா அலட்டிக்கொள்ளவில்லை.

"நாங்க ரெண்டு பேரும் ஒத்துப்போற நேரத்துல எதுவும் திறந்திருக்காதும்மா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்படித்தான் லா."

தலையாட்டல்

ஜனவரியில் முருகையன் அண்ணன் மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. முன்பணம் கட்டக் கடைசி நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. விற்றால் பணம் கைக்கு வர இரண்டு வேலை நாள் ஆகும், சனி ஞாயிறு கணக்கில் வராது. அப்படிப் பார்த்தால் அதற்கு முந்தின வாரத்துக்குள் விற்றாக வேண்டும். பட்டறையிலோ ஒரு கப்பலை ஒப்படைக்கும் அவசரம், யாருக்கும் லீவு கிடையாது. அவருக்கு மட்டும் ஒரு நாள் உண்டு, போன வருடமே எழுதி வாங்கியது. வியாழக்கிழமை, தைப்பூசம்.

இங்கே தைப்பூசம் பொது விடுமுறை இல்லை. காவடி எடுப்பவர்கள் சொந்த லீவில்தான் எடுப்பார்கள். சந்தை திறந்திருக்கும், லாக்கர் இருக்காது. வருடத்தில் இப்படி ஒரு நாள் அவருக்கு இதுதான் என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது. விடியுமுன் பெருமாள் கோயிலிலிருந்து காவடியோடு கிளம்பினால் பத்து மணிக்குள் டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குப் போய்விடலாம், போனதும் கூப்பிடுகிறேன் என்றார். அவர் சொல்லாமல் விட்டது ஒன்று. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை, எங்கள் திருவிழாவில் அப்படி வழக்கம் கிடையாது.

அன்று பத்து மணிக்கு அழைப்பு வரவில்லை. பதினொன்று தாண்டி அவர் மனைவி கூப்பிட்டார். கூட்டம் அதிகம், இன்னும் வழியில் டோபி காட் பக்கம்தான் நிற்கிறார்களாம். பின்னால் மேளமும் வேல் வேல் என்ற சத்தமும். விலையைப் பார்த்தேன், அண்ணன் மாதக்கணக்கில் எதிர்பார்த்த விலை. அவரிடம் கொடுங்கள் என்றேன். முடியாது என்றார். நாக்கில் அலகு குத்தியிருக்கிறார், கோயிலில்தான் எடுப்பார்கள்.

கணக்கு அண்ணன் பெயரில் இருக்கிறது. விற்கச் சொல்லி அவர் குரல் எங்கள் ஒலிப்பதிவில் விழ வேண்டும், மனைவி சொன்னாலும் மகள் சொன்னாலும் செல்லாது. பக்கத்தில் இருந்த மேலதிகாரியிடம் கேட்டேன். அந்த அம்மா சீனப் பெண்மணி, காவடி பார்த்திருக்கிறார், அனுதாபமும் உண்டு. ஆனால் விதியைக் காட்டிக் கையை விரித்துவிட்டார். அண்ணன் மகளின் படிப்பு என் காதுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது, என்னால் ஒரு பொத்தானை அழுத்த முடியவில்லை. அண்ணன் குரல் இல்லாமல் முடியாது என்று இன்னொரு முறை சொன்னேன். மனைவி விடவில்லை.

"தலையாட்டுறாரு தங்கச்சி. பக்கத்துல நிக்கிறவங்களைக் கேளுங்க, நல்லாவே ஆட்டுறாரு."

ஒரு மணி

பன்னிரண்டு அடித்தது, சந்தை சாப்பிடப் போனது. நான் போகவில்லை. கொண்டு வந்திருந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, அப்படியே மூடி வைத்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் டேங்க் ரோட்டில் காவடியை இறக்கி, அலகை எடுத்து, விபூதி அப்பியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து, சந்தையின் சாப்பாட்டு நேரம் முருகையன் அண்ணனுக்கு உபயோகப்பட்டது அன்றைக்குத்தான்.

ஒன்று அடித்தபோது அவர் ஏற்கெனவே தொடர்பில் இருந்தார். பெயரைக் கேட்டேன், சொன்னார். நாக்கு தடித்திருந்தது, ஆனால் அவர் குரல்தான், சந்தேகமில்லை. மேலதிகாரியும் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். விலை காலையைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, இருந்தாலும் முன்பணத்துக்குப் போதும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். இவர் எப்படியும் நாளைக்குப் பார்க்கலாம் என்பார், நாளைக்கு லாக்கர் என்று எனக்குப் பயம். மேளச் சத்தத்துக்கு நடுவே ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்:

"முருகன் என் வாயை மூடினாரு, நீங்க உங்க கடையை மூடினீங்க. ரெண்டும் திறந்தாச்சுல்ல தங்கச்சி, வித்துடுங்க."

விற்றேன், செவ்வாய்க்கிழமை முன்பணமும் கட்டியாகிவிட்டது. ஆனாலும் அடுத்த வருட விடுமுறைப் பட்டியல் வந்ததும் நான் முதலில் பார்த்தது சந்தை என்றைக்கெல்லாம் மூடல் என்பதை அல்ல, அந்தப் பட்டியலில் இல்லாத தைப்பூசம் சனி ஞாயிறில் விழுந்து அண்ணனின் ஒரே நாளையும் மூடிவிடுகிறதா என்பதைத்தான்.