விதையை எடுத்துக்கொண்டார்களா?

மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டுப் பள்ளி ஒன்றில் நான் சரித்திர வாத்தியார். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் பிடித்திருந்த உக்ரைனில், காட்டோரக் கிராமங்கள் சில சேர்ந்து ஒரு குடியரசு அமைத்து, சில மாதம் தங்களைத் தாங்களே ஆண்ட கதையை அன்று சொன்னேன். கடைசியில் ஜெர்மன் ராணுவம் வந்து ஊர்களை எரித்தது; சனங்கள் ஓடினார்கள். கரும்பலகையில் ‘தோல்வி’ என்று எழுதி முடித்தேன்.

வாசலில் சாமை புடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்த சமையல்கார அக்கா, “ஓடறப்ப வெதைய எடுத்துக்கினாங்களா சார்?” என்றார்.

“அதெல்லாம் புத்தகத்துல இல்லீங்க” என்று சிரித்தேன்.

“எங்க வூடு எரிஞ்சப்ப, ஒரு கையில புள்ள, ஒரு கையில வெதச் சுரைக்குடுக்கையோட ஓடினேன். அடுத்த மழைக்கே வெதச்சிட்டோம். அவங்க இன்னா பண்ணாங்கன்னு தெரியாம தோத்துட்டாங்கன்னு எழுதிட்டீங்களே?”

குரலில் கோபமில்லை. முகம் தெரியாத அந்தச் சனங்களுக்காகக் கவலைப்பட்டார்.

சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது. ‘தோல்வி’யை அழித்தேன். இப்போதெல்லாம் அந்தக் கதையை அக்காவின் கேள்வியோடுதான் முடிக்கிறேன்.