கல்யாண கேசட்டில் என் சர்வீஸ்

எங்கள் கோவில்பட்டியில் நடக்கத் தெரிந்த பிள்ளையின் கையில் ஹாக்கி மட்டையைக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஊரில் ஏழெட்டுப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு டென்னிஸ் சொல்லிக்கொடுக்கக் கிளம்பியவள் என் சித்தி. கல்லூரி நாட்களில் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவள். தாத்தா காலமாகிவிட்டதால் எங்கள் வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. தலைதீபாவளிக்கு வந்தவள் பொங்கல் கழிந்தும் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று கேட்டால் அம்மா என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவாள். எனக்கு அதில் வருத்தமில்லை. சித்தி நன்றாகத் தலைபின்னிவிடுவாள்.

பள்ளிக்கூட மைதானம் கரிசல் மண். வெயிலில் பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும். மழையில் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும். அதில் பந்து எழும்பாது. ஆகவே ஊருக்கு வெளியே எங்கள் புஞ்சைக்காட்டிலிருந்த சிமெண்டுக் களத்தை அப்பாவிடம் கேட்டு வாங்கினாள். மிளகாய் வற்றலும் உளுந்தும் காயாத நாட்களில் அது எங்கள் கோர்ட். கயிறு கட்டிச் சாக்குகளைத் தொங்கவிட்டால் வலை. வற்றல் அள்ளிய மறுநாள் தும்மிக்கொண்டே ஆடுவோம்.

சித்தியால் சர்வீஸ் அடித்துக் காட்ட முடியாது. வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொல்லியிருந்தாள். அதனால் எல்லாவற்றையும் படமாகத்தான் காட்டினாள். மோட்டார் ரூம் சுவரில் பந்தை மேலே எறிபவள், முழங்காலை மடக்குபவள், எம்பி அடிப்பவள் என்று கரித்துண்டால் வரிசையாக வரைந்தாள். கால் வைக்க வேண்டிய இடங்களில், கிருஷ்ண ஜெயந்திக்குப் போடுவதுபோல், சுண்ணாம்புப் பாதங்கள். அடிக்க வேண்டிய உயரம் தெரிவதற்காக வேப்பங்கிளையில் காலுறைக்குள் ஒரு பந்தைப் போட்டுத் தொங்கவிட்டாள்.

மற்றவர்களுக்கெல்லாம் வந்துவிட்டது. என் பந்து மட்டும் சாக்கைத் தாண்டவில்லை. தூத்துக்குடியில் மாவட்டப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது.

"முழங்கையை மடக்குதே."

"இல்ல சித்தி, படத்துல உள்ளபடிதான் செய்யுதேன்."

"ஏட்டி, நான் கண்ணால பாக்குதேன்."

மட்டையைப் போட்டுவிட்டு அழுதேன். நான் செய்வது சரி என்றே உண்மையாக நம்பினேன்.

மறுநாள் சித்தி என்னை மாமாவின் ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனாள். மாமா அவளுக்கு அண்ணன். கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பவர். கேமராவைத் தூக்கிக்கொண்டு வரச் சம்மதித்தார்.

"ஆனா புது கேசட் இல்லையே. முகூர்த்த மாசம்லா."

சித்தி பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"ஏட்டி, இது உன் கல்யாண கேசட்லா?"

"ஆமாண்ணே. இடம் நெறய இருக்கு."

மாமா கேசட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, யாரும் அழித்துவிடக் கூடாதென்று அவரே முன்பு கேசட் ஓரத்தில் உடைத்துவைத்திருந்த ஓட்டையின் மேல், மறுபடி பதியும்படி செலோடேப்பை ஒட்டினார்.

"எங்கன இருந்து எடுக்க?"

"கெட்டிமேளத்துல இருந்து."

சத்தத்தை வைத்துச் சுலபமாகத் தேடிப்பிடிக்கலாம் என்பதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். என்ன மூளை என் சித்திக்கு!

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு டி.வி.யில் என்னை நானே முதல்முறையாகப் பார்த்தேன். சித்தி படத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டினாள். நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துத் திரையில் என் முழங்கை மேல் ஒட்டினாள். பந்தைச் சந்திக்க வேண்டிய இடத்தில் இன்னொரு பொட்டு. இரண்டுக்கும் நடுவே என் மட்டை எங்கேயோ அலைந்தது. அதைவிடப் பெரிய அதிசயம், பந்து வரும் நேரத்தில் நான் கண்ணை இறுக்கி மூடியிருந்தேன்.

"சித்தி, கண்ண மூடுதேன்!"

"மூடுதேலா?" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

மாமாவுக்கு வேலையில்லாத நாட்களில் மறுபடி மறுபடி எடுத்தோம். எல்லாப் பிள்ளைகளும் கேசட்டுக்குள் வந்தார்கள். தூத்துக்குடியில் முதல் ஆட்டத்தை ஜெயித்து இரண்டாவதில் தோற்றேன். ஆனால் என் சர்வீஸ் வலையில் மாட்டவில்லை. பக்கத்து ஊர் டீச்சர் ஒருத்தி, "இவளுக்கு யாரு சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டாள். சித்தி சேலையைச் சரிசெய்துகொண்டு, "நான்தான்" என்றாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டிலிருந்து ஒரு வேன் வந்தது. சித்தப்பா இறங்கவில்லை. அவருடைய அம்மாவும், தாய்மாமாவான ஒரு பெரியவரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். "நடந்தது நடந்துபோச்சு, பிள்ளையை அனுப்பி வைங்க" என்றார் பெரியவர். சித்தி அடுக்களை வாசலில் நின்றாள்.

"கல்யாண கேசட் இருக்கா? அதைப் போடுங்க. பாத்தா மனசு இளகிரும்" என்றார் சித்தப்பாவின் அம்மா.

அம்மா அசையவில்லை. நான்தான் ஓடிப்போய்ப் போட்டேன்.

மாப்பிள்ளை அழைப்பு வந்தது, மாலை மாற்றினார்கள். அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கெட்டிமேளம் கொட்டியது. சித்தப்பா தாலியோடு குனிந்தார். அடுத்த நொடி, களத்தில் நான்.

"இது என் பழைய சர்வீஸ், தாத்தா. கண்ண மூடியிருக்கேன் பாருங்க. கொஞ்சம் பொறுங்க, நல்ல சர்வீஸ் பின்னால வருது" என்றேன்.

பெரியவர் சித்தியைப் பார்த்தார். "என்னம்மா இது?"

"என் பிள்ளைகளோட ஆட்டம்" என்றாள் சித்தி. "இருந்து பாத்துட்டுப் போங்க."

அவர்கள் இருக்கவில்லை. காப்பியைத் தொடாமலே எழுந்து போனார்கள். வேன் தெருமுனை திரும்பியதும் அம்மா சித்தியைக் கட்டிக்கொண்டாள். அதுவரை வாய் திறக்காத அப்பா நாற்காலியை டி.வி. பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அடுத்தது யாரு? ஓடட்டும், பாப்போம்" என்றார்.

என் சர்வீஸைப் பார்த்து மலைத்துப்போய்த்தான் அவர்கள் அப்படிப் பேச்சில்லாமல் எழுந்து போனார்கள் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன். பெரியவளாகும்வரை நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.