அருள்ராஜ் படித்த கதை

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள். சர்ச் ஹாலில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் வகுப்பில் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. இந்தப் பக்கத்தை எழுத எனக்கு மூன்று நாள். ஆனால் எல்லாம் என் கையெழுத்து!

எழுபதுகளின் கடைசி... வடக்கே பிம்ப்ரியில் ஒரு கம்பெனி, அதில் பெயின்ட் அடிக்கும் ஷாப்பில் எங்களுக்கு வேலை. சப்பாத்தியில்கூட தின்னர் வாசனை அடிக்கும். மதியச் சாப்பாட்டில் அருள்ராஜ் வாரப் பத்திரிகையை விரிப்பான். எங்கள் தமிழ்க் கூட்டத்தில் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

இரண்டாயிரமாவது வருடத்தைப் பற்றிய தொடர்கதை. மிஷின்களே எல்லா வேலையும் செய்யும். மனிதனுக்கு இரண்டு மணி நேர வேலை, சம்பளம் வீடு தேடி வரும்.

“அப்ப முத்தண்ணன் என்ன பண்ணுவாரு?” என்பான் சந்திரன்.

“தூங்குவேன்டா” என்பேன் நான்.

“இப்ப மட்டும் என்ன பண்றீங்களாம்?”

நான் அந்தக் கதையை அப்படியே நம்பினேன். அச்சில் வந்ததாயிற்றே...

சில வருடம் கழித்து நிஜமாகவே ஸ்ப்ரே மிஷின் வந்தது. விருப்பப்பட்டவர்கள் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம், பிறகு லேசான வேலைக்குக் கூப்பிடுவோம் என்றார்கள். நான்தான் வரிசையில் முதல் ஆள். அருள் என் கையைப் பிடித்தான்.

“அண்ணே, வேணாம். கதைய நம்பி கைநாட்டு வெக்காதீங்க.”

“ஏன்டா, நீதானே படிச்ச? புஸ்தகத்துல அப்படித்தானே இருக்கு?”

எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான்.

“இருக்குண்ணே.”

கட்டை விரலை வைத்தேன்.

யாரும் என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை. பிறகு பாணேரில் ஒரு அப்பார்ட்மென்டில் வாட்ச்மேன். இப்போது அங்கே கேட் தானாகத் திறக்கிறது... அந்த வேலையும் போயிற்று.

போன மாதம் அருள் இறந்துபோனான். தாபோடியில் அவன் வீட்டுக்குப் போனபோது, அந்தத் தொடரைப் பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்து வைத்திருந்த காகிதக் கட்டை அவன் மனைவி ஸ்டெல்லா கொடுத்தாள். “நீங்க படிக்கக் கத்துக்கிறீங்கன்னு கேட்டதிலிருந்து அவரு தூங்கவே இல்லண்ணே. உங்ககிட்டத்தான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு.”

விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, இருபது நாள் படித்தேன்.

அதில் இரண்டு மணி நேர வேலையே இல்லை. மிஷின் வந்த மறுநாள் ஆட்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறார்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு கஞ்சிக்கு வரிசையில் நிற்கிறார்கள். கடைசிவரை அந்தக் கதவு திறக்கவில்லை. நான் தப்பாகப் படிக்கிறேனோ என்று மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். அப்படியேதான் இருந்தது.

சாப்பிடும்போது இதைப் படிக்க அவனுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. அது எனக்குப் புரிகிறது. ஆனால் அன்றைக்கு, அத்தனை பேர் முன்னால், “நான் பொய் சொன்னேண்ணே” என்று ஒரு வார்த்தை... அதை மட்டும் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்று எனக்கு எதை வேண்டுமானாலும் படித்துக் காட்டலாம். இன்று முடியாது. இந்தச் சந்தோஷம் எனக்கு முப்பது வருடம் முன்னால் வந்திருக்க வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். அச்சில் இருப்பதைவிட அருள் சொன்ன கதைதான் நல்ல கதை. அது எந்தப் பத்திரிகையிலும் இல்லை. கேட்டவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம். அடுத்த வாரம் உட்கார்ந்து அதை எழுதிப் போடுகிறேன், பொய் என்று மேலே எழுதிவிட்டு.