நாற்பதுக்குள் நாற்பது போகுமா?

காலி அட்டைப்பெட்டி ஒன்றை மூலையைப் பிடித்துத் தூக்கியபோதுதான் அது தோன்றியது. கம்பெனியில் நான் இன்ஸ்பெக்‌ஷன் டிரெய்னி. அன்று பேக்கிங்கில் ஆள் வராததால் என்னைப் பெட்டி எடுத்துவர அனுப்பியிருந்தார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருக்கிற பெட்டி. அதன் ஒரு மூலை என் கண்ணுக்கு நேரே வந்ததும் சதுரம் காணாமல் போய்விட்டது. வெளிக்கோடு ஆறு பக்கமாக நின்றது. நல்ல அகலமான அறுங்கோணம்! அப்படியானால் இந்த மூலையிலிருந்து எதிர்மூலைவரை துளை போட்டால், இதே அளவுள்ள இன்னொரு பெட்டி இதற்குள் நுழைந்து வெளியே வந்துவிடாதா?

சாயங்காலம் மத்திகிரியில் நான் தங்கியிருக்கும் அறைக்கு வந்ததும் கணக்குப் போட்டேன். வரும். நாற்பது மில்லிமீட்டர் கனச்சதுரத்தின் குறுக்கே நாற்பத்தொரு மில்லிமீட்டர் சதுரம்கூடப் போகும்.

இதை அறைத்தோழனிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவன் நாகரசம்பட்டிக்காரன், மோல்டிங்கில் ஷிப்ட் பார்க்கிறவன்.

“ரெண்டும் ஒரே சைஸு. ஒண்ணுக்குள்ள ஒண்ணு எப்பிடிரா போவும்? எங்க தோப்புல மாங்கா கிரேட்டு எத்தன அடுக்கியிருப்பேன், ஒண்ணுகூட உள்ள போவல.”

“அதுல யாரும் மூலைக்கு மூலை ஓட்டை போடலடா.”

“போட்டா அதுக்கு அப்புறம் அது கிரேட்டா?”

பந்தயம் கட்டினோம். துளை போட்ட கட்டை எங்கேயும் உடையாமல் இருக்க, இன்னொன்று அதற்குள் போய்விட்டால் ஒரு மாதம் தண்ணீர் கேனை அவன் இரண்டாம் மாடிக்குத் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் நான். கேன் கிடக்கட்டும், அவன் வாயை அடைத்தாக வேண்டும்.

துணி சோப்பில் ஆரம்பித்தேன், பொடிப்பொடியாக உதிர்ந்தது. உருளைக்கிழங்கு கத்தி பட்டதுமே விண்டுபோனது. “கெழங்க வீணாக்காத, பொரியலாவது பண்ணு” என்றான். தெர்மகோலில் பெரிதாகச் செய்தேன். கடைசி வெட்டில் அதுவும் பிளந்தது. காரணம் தெரியாமல் இல்லை. துளையின் நான்கு முனைகளும் கட்டையின் விளிம்பை ஒட்டிப் போகின்றன. நாற்பது மில்லிமீட்டர் கட்டை என்றால் அங்கே ஒரு மில்லிமீட்டர்கூட மிஞ்சாது.

ஆகவே அலுமினியம். ஜூஜுவாடியில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் ஒயர்கட் மெஷின் இருந்தது. மின்சாரம் ஓடுகிற மெல்லிய கம்பியால் உலோகத்தை அறுக்கிற மெஷின். அதை ஓட்டுகிற அண்ணனிடம் மூன்று வாரம் நடையாய் நடந்தேன். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர், என்னிடம் தமிழில் திட்டினார். கடைசியில் ஸ்கிராப் துண்டில் இரண்டு கனச்சதுரம் செய்து, ஒன்றில் துளையும் போட்டுவிட்டார்.

சனிக்கிழமை வாங்கப் போனேன். பஞ்சு வேஸ்ட்டில் சுற்றியிருந்ததைப் பிரித்தால், துளை போட்ட கட்டையின் ஒரு விளிம்பு விட்டுப்போயிருந்தது.

“அண்ணா, இங்க உடைஞ்சிருக்கே!”

“கட்டிங் முடிஞ்சப்ப நல்லாத்தான்ப்பா இருந்துச்சு. அரம் போடறப்ப போயிருச்சு.”

“யாருண்ணா அரம் போடச் சொன்னது?”

“யாராச்சும் சொல்லணுமா? ஷார்ப் எட்ஜோட ஒரு பீஸாவது இந்த ஷாப்ப வுட்டு வெளிய போயிருக்கா? நாளைக்கு உன் கை கிழிஞ்சா?”

எரிச்சலாக வந்தது. ஆனால் விளிம்பு மழுக்காத பீஸுக்கு எங்கள் கம்பெனியில் தினமும் சிவப்பு டேக் கட்டித் திருப்பி அனுப்புகிறவன் நான்தான். வரைபடத்தில் “அரம் வேண்டாம்” என்று ஒரு வரி எழுதாமல் விட்டவனும் நான்தான்.

அறைக்கு வந்து, அவன் கண் முன்னாலேயே ஒன்றை ஒன்றுக்குள் விட்டேன். வழுக்கிக்கொண்டு போனது!

“போச்சு பாத்தியா?”

“உடைஞ்ச வளையல்ல கை நொழையறது ஒரு வித்தையாடா? கேன் கீழ இருக்குது, தூக்கியா.”

தூக்கினேன். இதை எழுதும்போதும் தோள் வலிக்கிறது.

நேற்று மறுபடியும் கணக்குப் போட்டேன். துளை சரியாக மூலைக்கு மூலை போகத் தேவையில்லை. கொஞ்சம் சாய்த்தால் துளையைச் சுற்றி மிஞ்சுகிற சுவரின் தடிமன் கூடுகிறது. கட்டையும் இனி அறுபது மில்லிமீட்டர். வரைபடத்தின் தலையிலேயே சிவப்பு மையில் எழுதிவிட்டேன்: விளிம்பில் அரம் படக் கூடாது. “கை கிழிஞ்சா என்னைக் கேக்கக் கூடாது” என்று அண்ணன் ஒப்புக்கொண்டிருக்கிறார், அலுமினியம் மட்டும் நான் கொண்டுவர வேண்டுமாம். எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ப்பது என்பதை ஞாயிற்றுக்கிழமை அட்டையில் வெட்டிப் பார்க்கப் போகிறேன்.