மேற்குப் பக்கத்து வலை

கார்த்திகை பாதி கடந்து மழை சற்று ஓய்ந்ததும், ஒரு சனிக்கிழமை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிப் பேரையூருக்குப் போய்விடுவேன். அங்கே அப்பா விட்டுப்போன மானாவாரி நிலத்தில் என் தம்பி விவசாயம் பார்க்கிறான். நான் மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். தம்பியைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொன்னாலும், பூனைப்பருந்துகளைப் பார்க்கத்தான் வருகிறேன் என்பது அவனுக்குத் தெரியும்.

வடக்கே பனி மூடும் புல்வெளிகளிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க அவை இங்கே வருகின்றன. மற்ற பருந்துகளைப்போல மரத்தில் அடைவதில்லை. நிலத்துக்கு மேற்கே உள்ள தரிசில், பொழுது சாயும் நேரத்தில் புல்லை உரசுவதுபோலத் தாழப் பறந்து, ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கி மறைந்துவிடும். ஆண் எத்தனை, பெண் எத்தனை, காற்று எந்தப் பக்கம் என்று எழுதிவைப்பது என் வழக்கம்.

இந்த வருஷம் போனபோது மக்காச்சோளம் பால் பிடித்திருந்தது. நிலத்தைச் சுற்றிக் கம்பு நட்டுத் தம்பி நைலான் வலை கட்டியிருந்தான். போன வருஷம் பகலில் மயிலும் இரவில் காட்டுப்பன்றியும் பாதி விளைச்சலைத் தின்றுவிட்டன. அந்தப் பக்கம் சிலர் தானியத்தில் விஷம் கலந்து வைக்கிறார்கள். வேலியில் கரண்ட் விடுகிறார்கள்.

"அதெல்லாம் செஞ்சா நீ வந்து வையுவ. அதான் வலை வாங்குனேன்" என்றான்.

மறுநாள் காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவன் மனைவி ஓடிவந்தாள். "மதினி, மேக்கால வலையில ஆந்தை மாட்டிக் கெடக்கு. முழிச்சு முழிச்சுப் பாக்குது."

ஆந்தை இல்லை. ஆந்தையைப்போல வட்ட முகம் கொண்ட பெண் பூனைப்பருந்து. இடது சிறகு வலையில் முறுக்கிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியது. சுற்றிலும் இறகுகள். தம்பி தலைத்துண்டை அதன்மேல் போட்டு அமுக்கிப் பிடித்துக்கொள்ள, நான் கத்தரியால் நூலை ஒவ்வொன்றாக வெட்டினேன்.

"பாத்து வெட்டுக்கா. பன்னி புகுற ஓட்டையாப் போட்டு விட்ராத." அதற்குள் அதன் நகம் அவன் கட்டைவிரலில் இறங்கியது. "அம்புட்டுத் தூரம் பறந்து வந்தது என் கையக் கிழிக்கத்தானாத்தா?"

தரையில் விட்டோம். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்துவிட்டு எழுந்து பறந்தது. இடது சிறகு முழுதாக மேலே போகவில்லை. தரிசுக்குள் சாய்ந்து இறங்கியதைப் பார்த்தேன். வெயில் உச்சிக்கு வரும்வரை தேடியும் கண்ணில் படவில்லை. நாள் முழுக்கப் பறந்தால்தான் அதற்கு இரை.

சாப்பாட்டின்போது, மேற்குப் பக்க வலையை மட்டும் அவிழ்த்துவிடச் சொன்னேன்.

"பன்னிக்கு வாசக்கதவத் தொறந்து வைக்கச் சொல்ற."

பருந்து அடைய வருவது அந்தி. மயில் இறங்குவது விடிந்தபின். பன்றி வருவது இருட்டில். அந்திக்கு முன் வலையைச் சுருட்டி இருட்டியதும் கட்டலாம் என்றால், விடியுமுன் அரை இருட்டில் பருந்து எழும்பும்போது வலை குறுக்கே நிற்கும். எப்படிப் பிரித்துப் பார்த்தும் இடைவெளி கிடைக்கவில்லை.

"கணக்கு டீச்சருக்கே விடை வரல" என்றான் தம்பி.

அவன் மனைவிதான் ஒரு வழி சொன்னாள். "அந்தப் பக்கம் மட்டும் சேலையக் கட்டுவோம்."

அங்கே நிலத்தைச் சுற்றிப் பழைய சேலை கட்டுவது வழக்கம். காற்றில் ஆடுவதும் மனுஷ வாடையும் பன்றியை விரட்டும் என்பார்கள். அதனால் துவைத்த சேலை ஆகாது. சேலையில் பறவை சிக்கவும் சிக்காது.

"பன்னிக்குச் சேலையெல்லாம் பழகிப்போச்சுடி."

"என் சேலைதான் பழகிப்போச்சு. மதினி சேலை டவுன் வாசம்ல? மெரண்டு ஓடிரும்."

தம்பிகூடச் சிரித்துவிட்டான். அடுத்த வாரம் பள்ளிக்குக் கட்டிப்போன காட்டன் சேலைகளைத் துவைக்காமல் பையில் திணித்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் முகம் சுளிப்பாரோ என்று பையின் வாயை இறுக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். மேற்கே வலையை அவிழ்த்துச் சேலைகளைக் கட்டினோம். அன்று அந்தியில் வந்த பருந்துகள் சேலைகளுக்கு மேலாகத் தாண்டிப்போய் இறங்கின. சிறகு அடிபட்டது அவற்றில் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் தம்பி போன் செய்தான். இரவில் பன்றிகள் சேலையைக் கிழித்துக்கொண்டு புகுந்து, மேற்கு மூலை முழுவதையும் சாய்த்துவிட்டன. அவன் என்மேல் கோபப்படவில்லை. "வலைய மறுபடி கட்டட்டுமாக்கா?" என்று மட்டும் கேட்டான்.

பாடுபடுவது அவன். சித்திரை வரை அவன் வீட்டுச் செலவுக்கு அந்த மக்காச்சோளம் விற்ற காசுதான். என்னைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"கட்டு" என்றேன்.

"தெனம் வெள்ளன போய்ப் பாத்துருதேன். நீ வெசனப்படாத."

அன்றிலிருந்து தினமும் காலையில், பள்ளியில் ஜெப மணி அடிப்பதற்குள், வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்புகிறான். பனி கோத்த வெறும் வலை. ஒரு வார்த்தையும் இருக்காது. பார்த்துவிட்டு வகுப்புக்குப் போவேன்.

நேற்று படம் வரவில்லை. சாயங்காலம் அவன் மனைவி பேசினாள். கிறிஸ்துமஸ் லீவுக்குத் தன் பிள்ளைகளை மதுரைக்குக் கூட்டிவருவது பற்றிப் பேசினாள். நானும் அதைப் பற்றியே பேசினேன்.

இன்று காலை படம் வந்தது. வெறும் வலைதான். விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் ஓரிடத்தில், முந்தாநாள் படத்தில் இல்லாத, கத்தரித்து எடுத்த ஓட்டை. அதைப் புதுச் சணல் கொண்டு இழுத்துக் கட்டியிருக்கிறான்.

என்ன மாட்டியது, பறந்ததா இல்லையா என்று கேட்டால் சொல்லிவிடுவான். தம்பி என்னிடம் பொய் சொல்ல மாட்டான். அதனால்தான் இன்னும் கேட்கவில்லை.